வண்ணக் கோப்பையும் ஓட்டுச் சில்லும்: மாயர் மட்பாண்ட ஆய்வு உண்மையில் என்ன வேலை?

கேள்வி இது: "பழங்கால மாயர்களின் மட்பாண்டங்களையும் கலையையும் ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் தினமும் என்ன செய்கிறார்கள்? அந்த வழிக்கு வர என்ன படிக்க வேண்டும்?"

மாயர் மட்பாண்டம் என்றதும் பலர் மனத்தில் வருவது அந்த நீள்உருளைக் கோப்பைதான். அரியணையில் சாய்ந்த அரசன், எதிரே மண்டியிட்ட தூதன், நடுவில் சாக்லேட் பாத்திரம், வாய் விளிம்பைச் சுற்றிச் சித்திர எழுத்து. அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் இப்படிப்பட்ட கோப்பைகளில் பெரும்பகுதி எந்தத் தொல்லியலாளரும் தோண்டி எடுத்ததல்ல. திருடர்கள் கல்லறைகளைக் குடைந்து எடுத்து விற்றவை. எந்த ஊர், எந்தக் கட்டடம், யாருடைய எலும்புக்கூட்டின் பக்கத்தில் இருந்தது, எதுவும் தெரியாது. தொல்லியலாளரின் மேசையில் கிடப்பதோ உள்ளங்கையில் நாலைந்து அடங்கக்கூடிய பானையோடுகள். பாதிக்கு மேல் வண்ணமே தேய்ந்துபோனவை. ஆனால் அவற்றுக்கு முகவரி உண்டு. முகவரியுள்ள ஓட்டைக் கொண்டு முகவரியில்லாத கோப்பைக்கும் இடத்தையும் காலத்தையும் கண்டுபிடிப்பது இந்தத் துறையின் பெரிய வேலை. ஓவியத்தில் மயங்கித்தான் பலர் இதற்குள் வருகிறார்கள். ஓடு எண்ணப் பொறுமை உள்ளவர்களே நிலைக்கிறார்கள்.

நிலப்பரப்பைச் சொல்லிவிடுகிறேன். தென் மெக்சிகோ, யுகத்தான் தீபகற்பம், குவாதமாலா, பெலீஸ், மேற்கு ஹோண்டுராஸ், எல் சால்வடோரின் ஒரு பகுதி. தாழ்நிலக் காடுகளில் கி.மு. 1000 வாக்கில் தொடங்கிய பானைத் தொழில் ஸ்பானியர் வரும்வரை அறுபடவில்லை. குயவர் சக்கரம் அவர்களிடம் இல்லை. களிமண்ணைத் திரியாக உருட்டி வளையம் வளையமாக அடுக்கி, இழைத்து, மழுங்கிய கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். பெரும்பாலும் திறந்த வெளியிலேயே சுட்டார்கள். இந்த இரண்டையும் மறந்தால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

களத்திலிருந்து தொடங்கலாம். மழையில்லாத மாதங்களில், பொதுவாக ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி மே, ஜூனுக்குள் தோண்டி முடிக்கிறார்கள். ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் தனி எண். அந்த அடுக்கின் ஓடுகள் தனிப் பையில். பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. வெளிச்சீட்டு கிழிந்துவிடும், உள்சீட்டு ஈரத்தில் எழுத்தழியும், இரண்டும் சேர்ந்து போவது அபூர்வம் என்பதுதான் கணக்கு. அப்படியும் போய்விட்டால் அந்தப் பை வெறும் மண்சில்லு. தோண்டியவருக்கு நினைவிருக்கிறது என்பது செல்லாது.

கழுவும்போதே நிறைய ஆதாரம் போய்விடும். ஊறவைக்கக் கூடாது. குறைந்த சூட்டில் சுட்ட ஓடு ஊறினால் மேற்பூச்சு உரிந்து தூரிகையோடு வந்துவிடும். மென்மையான தூரிகை, உடைந்த முனைகளில் மட்டும் கொஞ்சம் அழுத்தம், படம் உள்ள பக்கத்தில் விரல் நுனி, அவ்வளவே. சில பாத்திரங்களில் சுட்ட பிறகு மெல்லிய சுண்ணச்சாந்து பூசி அதன்மேல் நீலமும் பச்சையும் தீட்டியிருப்பார்கள். அதைத் தண்ணீரில் போட்டால் கண்ணெதிரே கரையும். அப்படிப்பட்டதையும், உள்ளே என்ன இருந்தது என்று வேதியியல் சோதனை செய்யப்போகும் பாத்திரத்தையும் கழுவவே கூடாது. அடிமண்ணோடு அலுமினியத் தாளில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் சோதனையில் தலைகாட்டும். கழுவியதை வெயிலில் போடாமல் நிழலில் வலைத்தட்டில் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு பையில் கட்டினால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

பிறகு தரம் பிரித்தல். நீண்ட மேசை, அடுக்கு எண் வாரியாகக் குவியல்கள். முதல் பிரிவு எளிது: மேற்பூச்சு உள்ளது, இல்லாதது. பூச்சு என்றால் களிமண்ணையே மெல்லிய குழம்பாகக் கரைத்து, இரும்புத் தாது சேர்த்து, பாத்திரத்தின் மேல் தடவியது. அடுத்து நிறம், பளபளப்பு, கீறல், செதுக்கு, ஓவியம். பிறகு வடிவம். உடம்புப் பகுதி ஓட்டைவிட வாய் விளிம்பும் அடியும் நூறு மடங்கு பேசும். எனவே விளிம்பு ஓடுகளைத் தனியே எடுத்து ஒவ்வொன்றாக வரைகிறார்கள்.

இந்த வரைதலைத்தான் புதியவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள். விளிம்பு ஓட்டைத் தலைகீழாக மேசைமேல் வைக்க வேண்டும். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே வெளிச்சம் கசியாத நிலை வரும்வரை ஓட்டை முன்னும் பின்னும் மெல்லச் சாய்க்க வேண்டும். வெளிச்சம் முழுக்க அடைபட்ட அந்த ஒரு சாய்வுதான் பாத்திரத்தின் உண்மையான சாய்வு. இதில் பத்து டிகிரி தவறினால் காகிதத்தில் கிண்ணம் தட்டாகிவிடும், தட்டு சட்டியாகிவிடும். பிறகு ஒருமைய வட்டங்கள் வரைந்த தாளில் விளிம்பைப் பொருத்தி விட்டத்தைப் படிக்கிறார்கள். கையிலிருக்கும் வளைவு முழு வட்டத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த அளவை நம்பக் கூடாது. 30 செ.மீ. வாயுள்ள கிண்ணத்தில் 5 சதவீதம் என்பது சுமார் 4.7 செ.மீ. அதைவிடச் சிறிய துண்டு 22 வட்டத்திலும் பொருந்தும், 38 வட்டத்திலும் பொருந்தும். "விட்டம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு நகர்வதே நேர்மை. கையால் வனைந்த பாத்திரம் சரியான வட்டமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

எண்ணிக்கை மட்டும் போதுமா, எடையும் வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும். ஒரு தண்ணீர்க் குடம் உடைந்தால் நூறு சில்லு, ஒரு சின்னக் கோப்பை உடைந்தால் பத்து. சில்லுகளை மட்டும் எண்ணினால் அந்த வீட்டில் குடங்களே நிறைந்திருந்ததாகத் தோன்றும். விளிம்புகளின் சதவீதத்தைக் கூட்டி எத்தனை முழுப் பாத்திரத்துக்குச் சமம் என்று பார்ப்பது இன்னும் நம்பகமான மூன்றாவது வழி.

இனி பெயரிடுதல். மாயர் தாழ்நிலத்தில் மண்ணடுக்கு வரிசைப்படி பானைகளை முதலில் ஒழுங்குபடுத்த வழிகாட்டியது குவாதமாலாவின் ஹொல்முல் என்ற பழைய ஊர். ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்காக ரேமண்ட் மெர்வின் 1911இல் தோண்டினார். முடிவுகள் ஜார்ஜ் வையண்ட் கையால் 1932இல்தான் அச்சேறின. அடுத்து கார்னகி நிறுவனம் அதே நாட்டின் வாஷக்தூனில் செய்த நெடிய அகழாய்வு. அங்கே ராபர்ட் ஸ்மித் வகுத்த நான்கு கட்டங்கள்தான் இன்றும் எல்லோர் வாயிலும் இருப்பவை: மாமோம், சிக்கானெல், சாக்கோல், டெப்பேயூ. கடைசி இரண்டும் கிச்சே மாயரின் போபோல் வூ நூலில் வரும் படைப்புக் கடவுளரின் பெயர்கள். சிக்கானெல் ஏறத்தாழ கி.மு. 350 முதல் கி.பி. 250 வரை. சாக்கோல் அதன்பின் சுமார் கி.பி. 600 வரை. வண்ணக் கோப்பைகளின் பொற்காலமான டெப்பேயூ அதற்குப் பிறகு.

1960இல் ஸ்மித், கார்டன் வில்லி, ஜேம்ஸ் கிஃபர்ட் மூவரும் 'வகை, உட்பிரிவு' முறையை மாயர் பானைகளுக்குப் பொருத்தினார்கள். ஒரு வகையின் பெயரில் இரண்டு பாகம்: முதலில் ஓர் இடப்பெயர், பிறகு மேற்பரப்பின் தன்மை. 'சியெர்ரா சிவப்பு' என்பது சிக்கானெல் காலத்து ஓடு. கையில் எடுத்தால் மெழுகுவர்த்தியைத் தடவியதுபோல் இருக்கும். தாழ்நிலத்தில் எங்கே தோண்டினாலும் கிடைக்கும். டெப்பேயூ காலத்து 'தினாஹா சிவப்பு' கண்ணுக்குக் கிட்டத்தட்ட அதே நிறம்தான், ஆனால் மெழுகுத்தன்மை இருக்காது, பளபளப்பு வேறு மாதிரி. நிழற்படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். விரல்தான் பிரித்துச் சொல்லும். அதனால்தான் நூலைப் பார்த்து வகை கற்க முடியாது என்கிறார்கள். குவாதமாலாவில் 'செராமோடெக்கா' என்ற பெயரில் மாதிரி ஓடுகளைச் சேர்த்து வைத்திருப்பதும் இதற்குத்தான். சொந்த ஓட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த முறையின் மேல் குறை சொல்வோரும் உண்டு. பூச்சை வைத்தே வகை பிரிக்கிறது, களிமண்ணையும் வடிவத்தையும் பின்னுக்குத் தள்ளுகிறது என்பார்கள். சரியான குறைதான். காட்டு மண்ணின் ஈரம் பூச்சைத் தின்றுவிட்ட ஓடுகள் கூடை கூடையாக வருகின்றன. அவற்றை 'தேய்ந்தவை' என்று ஓரம்கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துச் சதவீதம் போட்டால், நல்ல பூச்சுள்ள காலத்துக்கே மக்கள்தொகை கூடியதாகக் கணக்கு காட்டும். ஆனாலும் இரண்டு ஊர் ஆய்வாளர்கள் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிய இதைவிட நல்ல பொதுமொழி இன்னும் அமையவில்லை.

காலக்கணிப்பில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மாயர்கள் கோயில் மேடையைப் பெரிதாக்கும்போது பழைய குப்பைமேட்டை அப்படியே வாரிக்கொண்டு வந்து உள்ளே நிரப்பினார்கள். ஆகவே கி.பி. 700இல் கட்டிய மேடைக்குள் கி.மு. 300ஆம் ஆண்டின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். எண்ணிக்கையில் எது அதிகமோ அதுதான் காலம் என்று நினைத்தால் ஆயிரம் ஆண்டு தவறும். நிரப்பு மண்ணில் இருப்பவற்றில் மிகப் பிந்திய ஓடு எதுவோ அதுதான் கணக்கு. அந்த ஓட்டின் காலத்துக்கு முன் அந்தக் கட்டடம் எழுந்திருக்க முடியாது. ஒரே ஒரு பிந்திய சில்லு போதும், அது எலிவளை வழியாக உள்ளே விழுந்ததல்ல என்று உறுதியாகத் தெரிந்தால். உடையாத சுண்ணச்சாந்துத் தரைக்குக் கீழே மூடுண்டு கிடந்த ஓடுகளுக்கு இதனால்தான் அவ்வளவு மதிப்பு.

அடுத்தது களிமண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்ற பார்வை. ஓட்டின் ஓரத்தைக் குறடால் சிறிது ஒடித்துப் புது முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்கிறார்கள். குயவர்கள் மண்ணோடு எதையாவது கலந்தே வனைவார்கள்: சுண்ணாம்புக்கல் பொடி, எரிமலைச் சாம்பல், உடைத்த பழைய ஓடு, மணல். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக் கலப்பு நுரைக்கும், சாம்பல் கலப்பு சும்மா இருக்கும். சுண்ணாம்புக் கலப்பில் ஓர் ஆபத்து உண்டு. சுடும்போது சூடு எழுநூறு, எண்ணூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போனால் சுண்ணாம்புக்கல் நீற்றுச் சுண்ணாம்பாகிவிடும். ஆறிய பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, பாத்திரத்தின் தோலைக் குமிழ்போல் தெறிக்கவைக்கும். மாயர்கள் குறைந்த சூட்டிலேயே சுட்டதற்கு இது ஒரு காரணம். அதன் விலைதான் எளிதில் உரியும் பூச்சு. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று போகிறது.

சாம்பல் விஷயம் இன்னும் சுவையானது. தாழ்நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. எரிமலைகளோ தெற்கே மலைநாட்டில். ஆனால் டெப்பேயூ காலத்துத் தாழ்நிலப் பாத்திரங்களில் ஏராளமாகச் சாம்பல் கலந்திருக்கிறது, அன்றாடக் கிண்ணங்களில்கூட. அவ்வளவு சாம்பலை முதுகில் சுமந்து வந்தார்களா, காற்றில் வந்து படிந்ததை அள்ளினார்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

லென்ஸுக்கு அப்பால் இரண்டு கருவிகள். ஒன்று, ஓட்டைச் சீவி 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, துருவ ஒளி மைக்ரோஸ்கோப்பில் கனிமங்களை அடையாளம் காண்பது. மற்றொன்று நியூட்ரான் பகுப்பாய்வு. சில நூறு மில்லிகிராம் பொடியை ஆராய்ச்சி அணு உலையில் வைத்து, சுமார் முப்பது தனிமங்களின் அளவைக் கணக்கிடுவது. ஒரே களிமண் குழியிலிருந்து வந்த பாத்திரங்கள் எண்களில் ஒன்றாகக் குவியும். இதிலும் சறுக்கும் இடங்கள் பல. பொடி எடுக்க டங்ஸ்டன் கார்பைடு துளைப்பான் போட்டால் கோபால்ட் கணக்கு கெட்டுவிடும், ஏனெனில் அந்தத் துளைப்பானிலேயே கோபால்ட் இருக்கிறது. சுண்ணாம்பு அதிகம் கலந்த ஓட்டில் மற்ற எல்லாத் தனிமமும் நீர்த்துத் தெரியும், அதைக் கணக்கில் ஈடுகட்ட வேண்டும். கையடக்க எக்ஸ்ரே கருவியை இப்போது எல்லோரும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அது பார்ப்பது மேற்தோலைத்தான். பூச்சையும் ஒட்டிய மண்ணையும் அளந்துவிட்டு "களிமண்ணின் மூலம் கண்டுபிடித்தோம்" என்று எழுதுவதை நம்ப வேண்டாம்.

இப்போது ஓவியத்துக்கு வரலாம். பல வண்ணப் பாத்திரத்தின் ஓவியன் சுடுவதற்கு முன்பே தீட்டினான். தீட்டும்போது மஞ்சளாகத் தெரியும் காவி, சுட்டபின் சிவப்பாகும். கண்முன் இல்லாத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, வளைந்த பரப்பில், அழிக்க வழியில்லாமல் கோடு இழுக்க வேண்டும். நல்ல கோப்பைகளில் ஒரே மூச்சில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கும் கோடு தடித்து மெலிவதைப் பார்க்கலாம்.

இந்த ஓவியங்களை நாம் அறிவது பெரும்பாலும் ஜஸ்டின் கெர் எடுத்த விரிபடங்கள் வழியாக. கோப்பையைச் சுழல்மேடையில் வைத்து, அது சுழலும் வேகத்துக்கு இணையாக, குறுகிய பிளவுக்குப் பின்னால் பிலிமை நகர்த்தி, சுற்றுப்படம் முழுவதையும் நாடாபோல் விரித்துவிடும் கேமரா. அவர் கொடுத்த 'கே' எண்களால்தான் துறையில் கோப்பைகளைக் குறிப்பிடுகிறார்கள். பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் கோப்பையைக் கையில் பிடித்தவன் ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்த்தான், திருப்பத் திருப்பக் கதை வந்தது. விரிபடம் அதை ஒரு பதாகையாக்கி, வெட்டிய இடத்துக்கு ஓர் ஆரம்பத்தையும் முடிவையும் கொடுத்துவிடுகிறது. தொந்தி பருத்த பாத்திரத்தில் உருவங்கள் அகன்றும் போகும். விரிபடத்தை மட்டும் வைத்துப் 'பட அமைப்பு' பற்றி எழுதும் மாணவர்கள் இங்கே விழுகிறார்கள்.

விளிம்பு எழுத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கோப்பைக்குக் கோப்பை அதே வரிசையில் அதே குறிகள் வருவதை மைக்கேல் கோ 1973இல் எடுத்துக்காட்டினார். கல்லறைப் பாத்திரங்கள் என்பதால் அது இறந்தவருக்கான மந்திரமாக இருக்கலாம் என்றார். எண்பதுகளில் டேவிட் ஸ்டூவர்ட், ஸ்டீபன் ஹூஸ்டன் போன்றோர் படிக்கப் படிக்க அது பெயர்ப்பட்டை என்று தெரிந்தது: 'இது இன்னாருடைய குடிகலம், எழுதி அணிசெய்தது, ககாவ் (கொக்கோ) குடிக்க'. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். 'ககாவ்' என்ற சொல்லைப் படித்தது ஸ்டூவர்ட். குவாதமாலாவின் ரியோ அசூலில் 1984இல் ஒரு கல்லறையிலிருந்து, திருகித் திறக்கும் மூடியுள்ள ஜாடி ஒன்று அகழாய்வில் வெளிவந்தது. மேலே அதே எழுத்து. உள்ளே ஒட்டியிருந்த படிவை ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வகம் சோதித்து, கொக்கோவுக்கு உரிய தியோப்ரோமினையும் காஃபினையும் கண்டது. முடிவு 1990இல் வெளியானது. படிப்பு சரியா என்பதை மண்ணே சொல்லிவிட்டது. கடையில் வாங்கி அலசித் துடைத்த கோப்பை என்றால் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

முறையாகத் தோண்டி எடுத்ததையும் தவறாகப் படிக்கலாம். குவாதமாலாவின் 'ஆல்தார் தெ சக்ரிஃபிசியோஸ்' ஊரில் 1962இல் கிடைத்த புகழ்பெற்ற கோப்பையில் கி.பி. 754ஆம் ஆண்டுக்குரிய தேதியும் ஆடும் உருவங்களும் உள்ளன. பிற ஊர் அரசர்கள் ஓர் இறுதிச் சடங்குக்கு வந்து ஆடுகிறார்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. முகங்களுக்குப் பெயர்கூடச் சூட்டினார்கள். 1989இல் ஹூஸ்டனும் ஸ்டூவர்ட்டும் உருவங்களின் பக்கத்திலிருந்த ஒரு குறியை 'வாய்' (way) என்று படித்தார்கள். மாயர் மொழிகளில் உறக்கத்தோடும் உருமாற்றத்தோடும் சேர்ந்த சொல் அது. ஆடுபவர்கள் விருந்தினர்களே அல்ல, அரச குலங்களோடு பிணைந்த அமானுட உருக்கள். சடங்குக் கதை முழுவதும் சரிந்தது. கோப்பை கிடந்த இடம், காலம், பக்கத்துப் பாத்திரங்கள் பற்றிய குறிப்பு மட்டும் அப்படியே நின்றது.

கள்ளச்சந்தைக் கோப்பைகளில் இன்னொரு கேடு: மறுதீட்டல். உடைந்ததை ஒட்டி, அழிந்த முகத்தைப் புதிதாக வரைந்து, எழுத்தைக் கூர்மையாக்கி விற்பார்கள். புற ஊதா விளக்கில் புதுச் சாயமும் பசையும் வேறு மாதிரி ஒளிரும். பருத்திப் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தடவினால் அக்ரிலிக் சாயம் பஞ்சில் வந்துவிடும், சுட்ட பூச்சு வராது. வெப்ப ஒளிர்வுச் சோதனை பாத்திரம் எப்போது சுடப்பட்டது என்று மட்டும் சொல்லும். உண்மையான பழைய கோப்பையின் மேல் சென்ற தலைமுறையில் வரைந்த அரசனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 'சோதனைச் சான்றிதழ் உள்ளது' என்ற விற்பனைக் குறிப்பில் உள்ள குறை இதுதான்.

அப்படியானால் அந்தக் கோப்பைகளைத் தொடலாமா? துறை இரண்டாகப் பிளந்திருக்கிறது. கிளெமன்சி காக்கின்ஸ் 1969இல் இந்தக் கொள்ளையை விரிவாக அம்பலப்படுத்தினார். அடுத்த ஆண்டு, பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக்கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது. வட குவாதமாலாவின் பெத்தேன் பகுதிப் பொருள்களுக்கு அமெரிக்கா 1991இல் இறக்குமதித் தடை போட்டது. மூலம் தெரியாத பொருளை முதன்முதலாக வெளியிட மறுக்கும் ஆய்விதழ்கள் உண்டு, ஏனெனில் ஆய்வுக் கட்டுரையே விலையை ஏற்றுகிறது. மறுபக்கம், டோரி ரீன்ட்ஸ்-புடேயும் ரொனால்ட் பிஷப்பும் நெடுங்காலமாகச் செய்த வேலை: ஊர் தெரியாத கோப்பையின் வேதிக் கையெழுத்தை, அகழாய்வில் கிடைத்த ஓடுகளின் கையெழுத்தோடு ஒப்பிட்டு அதன் பட்டறையைத் தேடுவது. பால்நிறத் தளத்தில் கறுப்புக் கோட்டோடு மாயரின் மடிப்புச் சுவடிபோல் தோன்றும் 'சுவடிப்பாணி'க் கோப்பைகள் நக்பே, கலக்முல் வட்டாரத்தோடு சேர்ந்தது அப்படித்தான். என் கருத்து: தெரிந்துகொள்ளலாம், விலையேற்றும் முதல் வெளியீட்டைச் செய்யக் கூடாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒப்பிடுவதற்கு ஒரு பக்கமாவது முகவரியுள்ள ஓடு இருந்ததால்தான் அந்த வேதியியல் பேசியது.

முகவரியோடு கிடைத்தால் ஒரே கோப்பை எவ்வளவு சொல்லும் என்பதற்குப் பெலீஸில் உள்ள புவெனாவிஸ்தா சாட்சி. 1988இல் ஓர் இளைஞரின் கல்லறையில் கிடைத்த கோப்பையில் மக்காச்சோளக் கடவுள் ஆடுகிறார். விளிம்பில் பக்கத்து நரஞ்ஹோவின் அரசன் காக் திலிவ் சான் சாக்கின் பெயர். அவன் 693இல் பட்டத்துக்கு வந்தவன். பெரிய ஊர் அரசனின் குடிகலம் சின்ன ஊர் இளைஞனோடு புதைந்திருக்கிறது என்றால் அது வாங்கிய பொருளல்ல, கொடுத்த பொருள், உறவைக் கட்டிய பொருள். அதே கோப்பை சந்தைக்குப் போயிருந்தால் 'நரஞ்ஹோ, அரச மாளிகை' என்று எழுதி, புவெனாவிஸ்தாவின் பெயரே இல்லாமல் போயிருக்கும்.

படிப்பு, வேலை பற்றிச் சுருக்கமாக. மானிடவியல் அல்லது தொல்லியலில் இளங்கலை, நாலைந்து வாரக் களப்பயிற்சி, பிறகு பிஎச்டி. அமெரிக்காவில் ஏழெட்டு ஆண்டு ஆவது சகஜம். ஸ்பானிய மொழி இல்லாமல் நடக்காது: அரசு அனுமதி, பருவ அறிக்கை, களத் தொழிலாளர்களோடு பேச்சு, உள்ளூர் அறிஞர்களின் எழுத்து எல்லாமே அதில். குவாதமாலாவில் வெளிநாட்டுத் திட்டத்துக்கு உள்நாட்டு இணை இயக்குநர் கட்டாயம். பொருள்கள் நாட்டை விட்டுப் போகாது, சோதனைத் துகளுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆவதால் உலை நேரம் பதிவு செய்யும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அடிப்படைக் கனிமவியல், புள்ளியியல், சித்திர எழுத்து, பென்சில் வரைதல் ஆகியவற்றில் கடைசியைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். நிரந்தரப் பல்கலைக்கழக வேலை மிகக் குறைவு. மற்றவர்கள் நடத்தும் அகழாய்வுகளில் 'ஓடு பார்ப்பவர்' ஆகப் பருவத்துக்குப் பருவம் நகர்பவர்களே பலர். தோண்டுவது நாலு மாதம் என்றால் அந்த ஓடுகளைப் பார்த்து முடிக்க வருடங்கள் ஆகும். நிதி கொடுப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதே தனி வேலை.

முன்னால் போனவர்களில் இருவரைப் பாருங்கள். சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் 1909இல் பிறந்த தாத்தியானா ப்ராஸ்கூரியாகாஃப் கட்டடக் கலை படித்தவர். 1930இல் பட்டம் வாங்கியபோது பொருளாதார மந்தம், வேலை இல்லை. பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் படம் வரையப் போய், அங்கிருந்து பியெத்ராஸ் நெக்ராஸ் இடிபாடுகளுக்குப் போனார். சிற்பங்களின் தலையணி, இடுப்புக்கச்சை, செருப்பு, நிற்கும் வாகு என்று உறுப்பு உறுப்பாகப் பட்டியலிட்டு, தேதியுள்ளவற்றோடு ஒப்பிட்டு, தேதியில்லாத கல்லுக்குக் காலம் சொல்லும் முறையை 1950இல் வெளியிட்டார். அந்தப் பட்டியல் பழக்கம்தான் 1960இல் பலன் கொடுத்தது: ஒவ்வொரு தொகுதிக் கல்லின் தேதிகளும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவதைக் கவனித்து, அவை கோள்கணக்கல்ல, பிறப்பும் பட்டமேற்பும்தான் என்று காட்டினார்.

அன்னா ஷெப்பர்ட் வேறு வழி. அவர் ஓட்டைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர். உலோகம்போல் மின்னும் ஒருவகைச் சாம்பல்நிறப் பாத்திரம் மெசோஅமெரிக்கா (மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சேர்ந்த பண்பாட்டு நிலப்பரப்பு) முழுக்கக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஈயம் கலந்த மெருகு என்று நினைத்துப் 'பிளம்பேட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஷெப்பர்ட் 1948இல் வெளியிட்ட ஆய்வில் அதில் ஈயமே இல்லை, மின்னுவது அந்தக் குறிப்பிட்ட களிமண் பூச்சு என்றார். அது பசிபிக் கரையோரப் பகுதியில் ஒரே வட்டாரத்தில் செய்யப்பட்டுப் பரவியது என்றும் காட்டினார். பின்னாளில் ஹெக்டர் நெஃப் நியூட்ரான் முறையில் பார்த்தபோதும் விரல் அதே கரையோரத்தையே சுட்டியது. பெயர் மட்டும் இன்றும் 'பிளம்பேட்' தான்.

ஷெப்பர்டின் வாதத்தைப் பிற்காலத்தவர் சோதிக்க முடிந்தது ஓடுகள் சீட்டோடு பெட்டியில் இருந்ததால். ஆகவே முதல் பருவத்துக்குக் களம் போகிறவர் பெரிய கோட்பாட்டு நூல்களைச் சுமக்க வேண்டாம். அழியாத மை, கரையான் தின்னாத செயற்கைத் தாளில் வெட்டிய சீட்டுகள், அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசின் ஒரு சின்னப் புட்டி. ஓட்டின் உள்பக்கம், உடைந்த முனையைத் தொடாமல், ஒரு செ.மீ. நீளத்துக்கு அதைத் தடவிக் காயவிட்டு, மேலே எண்ணை எழுதி, மறுபடி ஒரு பூச்சு. ஒரு ஓட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அவசரத்தில் நேராக ஓட்டின்மேலேயே எழுதினால் மை உள்ளே இறங்கிவிடும், எண் தவறென்று பிறகு தெரிந்தாலும் அழிக்க முடியாது.